பிரெஞ்சு அகாதெமி ஓவியங்களில் உடன்பிறப்பன்பும் குழவிப் பருவமும்

1. முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் குழந்தைகளை எவ்வாறு கருதினர் என்பதை அறிய விரும்புவார்க்குச் சட்டங்களும் நாட்குறிப்புகளும் மட்டுமன்றி ஓவியங்களும் சான்றாகும். 1960ஆம் ஆண்டில் பிலிப் ஆரியெஸ் என்னும் பிரெஞ்சு வரலாற்றறிஞர், ஓவியங்களைப் பெருஞ்சான்றாகக் கொண்டு, குழவிப் பருவம் என்னும் தனிக்கருத்து இடைக்கால ஐரோப்பாவில் இருந்திலது என்றும், அது பிற்காலத்தே மெல்ல உருவாயிற்று என்றும் நிறுவ முற்பட்டார். 1983இல் லிண்டா பொல்லாக் என்பார் 1500 முதல் 1900 வரையிலான நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் ஆராய்ந்து, பெற்றோர் தம் மக்கள்பால் கொண்ட அன்பு அக்காலப் பகுதி முழுவதும் பெரிதும் மாறிற்றிலது எனக் காட்டி அக்கொள்கையை மறுத்தார். இவ்விவாதம் பெரும்பாலும் பெற்றோர்க்கும் மக்கட்கும் உள்ள உறவைச் சுற்றியே நிகழ்ந்தது. உடன்பிறந்தார் தம்முள் கொண்ட உறவு அதில் சிறிதே இடம் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அகாதெமி ஓவியர்களோ அவ்வுறவை மீண்டும் மீண்டும் தீட்டினர். அவ்வோவியங்களை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று ஒதுக்கியவரும் உளர். அக்கால வாழ்வின் உண்மைப் படிமம் என்று போற்றியவரும் உளர். இவ்விரண்டும் முற்றும் பொருந்தா என்பது நம் கருத்து. உடன்பிறப்பன்பு இவ்வோவியங்களில் யாண்டு மெய்யாகவே உள்ளது, யாண்டு அது ஒரு சுமையை மறைக்கும் திரையாகிறது என்பதை வேறுபிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சியுள் புகுமுன் சொல்லைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். தமிழில் அக்காள், தங்கை, அண்ணன், தம்பி என நான்கு சொற்கள் உள்ளன. உடன்பிறந்தாரைக் குறிக்கும்போதே மூப்பும் இளமையும் உடன் விளங்கிவிடுகின்றன. பிரெஞ்சு மொழியில் உடன்பிறந்தாளுக்கு ஒரு சொல், உடன்பிறந்தானுக்கு ஒரு சொல், அவ்வளவே. மூத்தவள் என்று காட்ட விரும்பினால் அடைமொழி ஒன்று சேர்த்தாக வேண்டும். ஆகவே ஓவியன் ஒருவன் தன் படத்திற்கு 'மூத்த சகோதரி' என்று பெயரிட்டானாயின், மூத்தவள் என்பதை அவன் எண்ணியே வலியுறுத்துகிறான் என்று கொள்ளவேண்டும். அப்பெயரைத் தமிழில் 'தமக்கை' என்று ஒரு சொல்லால் பெயர்த்துவிடலாம். பெயர்க்கும்போது அவ்வலியுறுத்தம் நம் கண்ணுக்குப் புலப்படாது போகும் என்பதை மறத்தலாகாது.

2. கழகமும் ஓவிய வகைகளும்

பிரெஞ்சு அரச ஓவியச் சிற்பக் கழகம் 1648இல் நிறுவப்பெற்றது. அதன் தொடக்க உறுப்பினருள் லெ நேன் உடன்பிறந்தார் மூவரும் இருந்தனர். அந்துவான், லூயி, மத்தியூ என்னும் அம்மூவரும் தம் படங்களில் குடிப்பெயரை மட்டுமே பொறித்தனர், முன்பெயரைப் பொறித்தாரல்லர். அதனால் எப்படம் எவர் கைப்பட்டது என்று பிரித்தறிதல் இன்றளவும் அரிதாக உள்ளது. அவர்கள் தீட்டிய உழவர் குடும்பப் படங்களில் குழந்தைகள் பலர் நின்று நம்மை நோக்குகின்றனர். எனினும் அக்குழந்தைகள் குடும்பம் என்னும் தொகுதியின் உறுப்புகளாகவே உள்ளனர். ஒருவர்பால் ஒருவர் கொண்ட அன்பு ஆண்டுப் பொருளாகவில்லை.

1667இல் அந்திரே பெலிபியன் என்பார் ஓவியப் பொருள்களுக்குப் படிமுறை வகுத்தார். உயிரற்ற பொருள்களைத் தீட்டுவோனினும் நிலக்காட்சி தீட்டுவோன் உயர்ந்தவன். அவனினும் உயிர்ப்பொருள்களைத் தீட்டுவோன் உயர்ந்தவன். மக்கள் உருவைத் தீட்டுவோன் அதனினும் உயர்ந்தவன். வரலாற்றையும் புராணத்தையும் தீட்டுவோனே தலையாயவன் என்பது அவ்வகுப்பு. அன்றாட இல்வாழ்க்கைக்கு இப்படிமுறையில் உயர்ந்த இருக்கை இல்லை. ஆதலின் குழந்தையைத் தீட்ட விரும்பிய ஓவியன் இரண்டு வழிகளுள் ஒன்றைக் கொள்ள வேண்டியிருந்தது. வரலாற்றுக் குழந்தையைத் தேடிச் செல்லுதல் ஒன்று. எளிய குழந்தைக்கு உயர்ந்த பொருளுக்குரிய வடிவத்தை அளித்தல் மற்றொன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஷார்தேன் இவ்விரண்டையும் விலக்கி இல்லத்துள்ளேயே நின்றார். 1740இல் காட்சிக்கு வைக்கப்பெற்ற அவருடைய 'உணவுமுன் வேண்டுதல்' என்னும் படத்தில் தாயும் இரு குழந்தைகளும் உளர். இளைய குழந்தை கைகூப்புகிறது. மூத்தது அதனைப் பார்த்திருக்கிறது. பேரார்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை மற்றொரு குழந்தையைக் கவனிக்கும் அச்சிறு நோக்கே பின்னர் வந்த பெருக்கத்திற்கு வித்து எனலாம். 1762இல் ரூசோவின் 'எமீல்' வெளிவந்தது. குழந்தை சிறிய உருவில் உள்ள முதியோன் அல்லன், தனக்கெனத் தனி இயல்புடையவன் என்னும் எண்ணம் அதன்பின் கற்றோரிடைப் பரவிற்று.

3. அச்சத்தில் விளங்கும் அன்பு

வரலாற்றுக் குழந்தையைத் தேடிச் சென்றவருள் முதன்மையானவர் போல் தெலரோஷ் (1797–1856). அவர் 1830இல் தீட்டி 1831ஆம் ஆண்டுக் காட்சியில் வைத்த 'எட்வர்டின் மக்கள்' இன்று லூவ்ர் அரும்பொருளகத்தில் உள்ளது. இங்கிலாந்தின் அரசுரிமை பெற்ற ஐந்தாம் எட்வர்டும் அவன் தம்பி ரிச்சர்டும் 1483இல் இலண்டன் கோட்டையில் வைக்கப்பெற்றுப் பின் காணாமற்போயினர். அவ்வாண்டின் வேனிலில் மூத்தவனுக்கு அகவை 12, இளையவனுக்கு 9. அவர்கள் தழுவியவாறே கொல்லப்பட்டனர் என்னும் செய்தியை ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகம் உலகறியச் செய்தது.

தெலரோஷ் கொலையைத் தீட்டவில்லை. கொலைக்கு முந்தைய நொடியையே தீட்டினார். பெரியதொரு கட்டிலின் விளிம்பில் சிறுவர் இருவரும் ஒருவரையொருவர் ஒட்டியிருக்கின்றனர். நூல் ஒன்று திறந்துள்ளது. சிறுநாய் கதவை நோக்குகின்றது. கதவின் கீழிடுக்கில் ஒளி தெரிகின்றது. வருவார் யாவர் என்பது நமக்குத் தெரியும். சிறுவர்க்குத் தெளிவாகத் தெரியாது. நாய்க்கு ஏதோ தெரிந்துவிட்டது. அச்சம் என்னும் மெய்ப்பாடு இங்ஙனம் மூன்று நிலைகளில் பகுக்கப்பட்டுள்ளது. இப்படத்தின் தாக்கத்தால் காசிமிர் தெலவீன் 1833இல் அதே பெயரில் நாடகம் ஒன்றை இயற்றினார். ஓவியத்தினின்று நாடகம் பிறந்தமை இப்படம் மக்கள் உள்ளத்தைப் பற்றிய வலிமைக்குச் சான்றாகும்.

ஈண்டு நாம் கருதற்பாலது ஒன்று உண்டு. அரசுரிமைப் போரில் உடன்பிறந்தார் ஒருவரையொருவர் அழித்தலே வரலாற்றில் மிகுதி. இச்சிறுவரின் சிறிய தந்தையே அரியணையைக் கைப்பற்றினான். அவன் இவர்தம் தந்தைக்கு உடன்பிறந்தவன். ஆகவே ஒரு தலைமுறையில் முறிந்த உடன்பிறப்புறவு அடுத்த தலைமுறையில் தழுவி நிற்கின்றது. அதிகாரம் அறியாப் பருவத்தில் மட்டுமே உடன்பிறப்பன்பு தூய்மையாக நிலைக்கும் என்னும் எண்ணத்தை இப்படம் தன்னுள் கொண்டுள்ளது. இவ்வெண்ணத்தில் குழவிப் பருவம், கடந்து செல்லும் பருவமாக மட்டும் அமையாமல், இழந்துவிட்ட நன்னிலமாகவும் ஆகின்றது.

4. வளர்ந்த உடன்பிறந்தார்

குழவிப் பருவம் கழிந்தபின் அவ்வன்பு எவ்வாறு தோன்றும் என்பதற்குத் தெயோதோர் சசெரியோ 1843இல் தீட்டிய 'சகோதரியர் இருவர்' விடை தருகின்றது. ஆங்கரின் மாணவராகிய அவர், தம் உடன்பிறந்தார் அதேலையும் அலினையும் தீட்டினார். அதேல் 1810இலும் அலின் 1822இலும் பிறந்தவர்கள். இடையே பன்னிரண்டு ஆண்டு வேற்றுமை உண்டு. எனினும் இருவரும் ஒரே வகை உடையும் ஒரே வகைச் செந்நிறப் போர்வையும் அணிந்து, கைகோத்து நிற்கின்றனர். உடை ஒப்புமை அகவை வேற்றுமையை மறைக்க முயல்கிறது. முகங்களோ அதனை வெளிப்படுத்துகின்றன.

இக்குடும்பத்தின் தந்தை தொலைநாட்டுப் பணிகளால் பெரிதும் பிரிந்திருந்தார். மூத்த மகன் பிரெடரிக் இளையோரைத் தாங்கினார். பெற்றோரின் பொறுப்பை மூத்த உடன்பிறந்தார் ஏற்கும் நிலை ஏழையர் குடிசைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். அலினின் கை தமக்கையின் கையைப் பற்றியிருத்தல் வெறும் அழகிற்காக அமைந்ததன்று என்று கொள்ள இச்செய்தி இடந்தருகின்றது.

5. பூகெரோவின் தமக்கையர்

எளிய குழந்தைக்கு உயர்ந்த வடிவம் தரும் இரண்டாம் வழியில் மிகுதியும் சென்றவர் வில்லியம் அடோல்ப் பூகெரோ. 1825இல் லா ரோஷெல் நகரில் பிறந்த அவர் பிக்கோவிடம் பயின்று, 1850இல் உரோமைப் பரிசு பெற்று இத்தாலி சென்றார். ஆண்டு இரபேலின் ஓவியத்தைப் படியெடுத்துக் கற்றார். 1876இல் நுண்கலைக் கழகத்தின் உறுப்பினரானார். ஏறத்தாழ எண்ணூறு படங்களைத் தீட்டியவர் என்பர்.

அவர் 1869இல் தீட்டிய 'தமக்கை' இன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர் அரும்பொருளகத்தில் உள்ளது. சிறுமி ஒருத்தி பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை உறங்குகின்றது. சிறுமியின் கால்கள் வெறுங்கால்கள். பின்னே நாட்டுப்புறம் விரிகின்றது. அவள் குழந்தையை நோக்கவில்லை. நேரே நம்மை நோக்குகிறாள். இந்த அமைப்பு ஐரோப்பியர்க்கு நன்கு பழகியது. இரபேல் தீட்டிய மேரியன்னையும் மகவும் முக்கோண வடிவில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் அமைப்பே இங்குத் தமக்கைக்கும் தம்பிக்கும் வந்துள்ளது. அன்னையின் இருக்கையில் தமக்கை அமர்த்தப்பட்டாள். பெலிபியனின் படிமுறையில் தாழ்ந்து நின்ற நாட்டுப்புறப் பொருள் இவ்வாறு சமயப் பொருளின் மாட்சியைக் கடன் வாங்கிற்று.

1871இல் தீட்டிய 'பிரெத்தோன் நாட்டுத் தமக்கையும் தம்பியும்' நியூயார்க் பெருநகர்க் கலைக்கூடத்தில் உள்ளது. பூகெரோ 1860களின் பிற்பகுதியில் பிரித்தானிப் பகுதிக்குச் சென்று வரைந்த குறிப்புகளைக்கொண்டு, பின்னர்ப் பாரிசில் தம் ஓவியக் கூடத்தில் இதனை முடித்தார். இடையே 1870–71இல் பிரஷ்யப் போர் நிகழ்ந்தது, பாரிசு முற்றுகையுண்டது, ஓவியரும் தேசியக் காவற்படையில் பணிபுரிந்தார். போரின் சுவடு ஒன்றும் இப்படத்தில் இல்லை. நாட்டுப்புற உடையும் தமக்கையின் மடியும் மாறாதவை போல் அமைதி கொண்டுள்ளன. இவ்வமைதி வாங்குவோரின் விருப்பத்திற்கும் பொருந்திற்று. 1860களின் நடுப்பகுதி முதல் பூகெரோவின் படங்களைக் கூப்பில் வணிக நிலையம் விற்றது. அச்சுப்படிகளாகவும் நிழற்படங்களாகவும் பரப்பிற்று. அமெரிக்கச் செல்வர் பலர் அவற்றை வாங்கினர். மேற்கூறிய படமும் காதரின் லோரிலார்டு உல்ப் அம்மையாரின் உடைமையாயிருந்து, அவர் எழுதிவைத்த உரிமையால் 1887இல் அக்கலைக்கூடத்தை அடைந்தது. நகரச் செல்வரின் கூடத்தில் தொங்கிய படம், உழவர் வீட்டுத் தமக்கையைக் காட்டிற்று. பார்ப்போர்க்கும் பார்க்கப்படுவோர்க்கும் இடையே உள்ள இவ்விடைவெளியை நினைவில் கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

6. ஓவியம் காட்டாதது

குழந்தையை ஏந்துதல் அன்பு. அதுவே வேலையும் ஆகும். தாய் வயலுக்கோ ஆலைக்கோ சென்றபோது இளையதைப் பார்த்துக்கொள்ளும் கடமை மூத்த பெண்ணைச் சார்ந்தது. பிரான்சு நாட்டுச் சட்டங்கள் குழந்தை உழைப்பை மெல்ல மெல்லக் கட்டுப்படுத்தின. 1841ஆம் ஆண்டுச் சட்டம் இருபதின்மருக்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் தொழிற்கூடங்களிலும், இயந்திர ஆற்றலால் இயங்குவனவற்றிலும் எட்டு வயதுக்குக் குறைந்தோரை விலக்கிற்று. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையினர்க்கு நாள்தோறும் எட்டு மணி நேரமே வரம்பு என்றது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் அகவை வரம்பைப் பொதுவாகப் பன்னிரண்டாக உயர்த்தி, மேற்பார்வையாளரையும் அமர்த்திற்று. ஆயின் இவ்விரு சட்டங்களும் தொழிற்கூடத்தை நோக்கி எழுந்தவை. சொந்த வீட்டில் தம்பியைச் சுமக்கும் சிறுமியின் உழைப்பு எச்சட்டத்தின் கண்ணுக்கும் உழைப்பாகத் தோன்றவில்லை. அதற்கு அன்பு என்னும் பெயரே வழங்கிற்று.

1881இல் தொடக்கக் கல்வி கட்டணமின்றி அளிக்கப்பட்டது. 1882 மார்ச்சு 28ஆம் நாளைய சட்டம் ஆறு முதல் பதின்மூன்று வயது வரை ஆண் பெண் இருபாலார்க்கும் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. அதே 1882இல் பூகெரோ 'கொட்டை பொறுக்கும் சிறுமியர்' என்னும் படத்தைத் தீட்டினார். அது இன்று டெட்ராய்ட் கலைநிலையத்தில் உள்ளது. சிறுமியர் இருவர் புல்லின்மேல் ஓய்ந்து உரையாடுகின்றனர். படத்தின் பெயர் அவர்களைச் சகோதரியர் என்று கூறவில்லை. காண்போரே அவ்வாறு கருதிக்கொள்வர். சட்டத்திற்கும் படத்திற்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. பள்ளி மணியும் ஆலைச் சங்கும் குழந்தையின் நாளைப் பங்கிட்டுக்கொண்ட அவ்வாண்டில், அவ்விரண்டும் எட்டாத ஒரு புல்வெளி விரும்பி வாங்கப்பட்டது என்பதே நாம் சுட்டுவது.

இக்குறையைக் காட்ட வேறு நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. அகாதெமி மரபிற்குள்ளேயே மறுசான்று உண்டு. கபனேலிடம் பயின்ற பெர்னான் பெலெஸ் 1883இல் 'வீடிலார்' என்னும் படத்தைத் தீட்டினார். அது பாரிசின் சிறிய அரண்மனை அரும்பொருளகத்தில் உள்ளது. தெருவோரத்தில் தாயொருத்தி மகவுக்குப் பாலூட்டுகிறாள். ஏனைய குழந்தைகள் அவளைச் சூழ்ந்து கிடக்கின்றனர். வரைதிறனும் உருவின் பருமையும் அகாதெமிப் பயிற்சியின் பயனே. ஆனால் உடல்கள் ஒன்றையொன்று சாய்ந்திருப்பது அழகுக்கு அன்று. வேறு சாய்விடம் இன்மையின். பூகெரோவின் சிறுமியர் வெறுங்காலினர், ஆயினும் அக்கால்களில் சேறில்லை. பெலெஸின் குழந்தைகள்பால் வறுமை உடலிலேயே எழுதப்பட்டுள்ளது. ஒரே பயிற்சி, ஒரே காலம், ஒரே நகரம். ஆதலின் இனிமை அகாதெமி மரபின் தவிர்க்கவியலாத விளைவு என்று கூறுவார் கூற்றுப் பொருந்தாது. அது ஓவியன் தேர்ந்தது, வாங்குவோர் விரும்பியது.

மற்றொன்றும் கருதுவோம். அகாதெமி மரபிற்குப் புறத்தே நின்ற ரெனுவார் 1881இல் தீட்டிய 'சகோதரியர் இருவர்' சிகாகோவில் உள்ளது. அதிலுள்ள இருவரும் உண்மையில் உடன்பிறந்தாரல்லர். ஆயினும் அப்பெயரை ரெனுவாரே இட்டார். உடன்பிறப்பு என்னும் சொல்லுக்குத் தனிக்கவர்ச்சி இருந்தது என்பதை இது குறிப்பால் உணர்த்துகின்றது. இனிமையான பொருளைத் தேடியமை அகாதெமியாரின் தனிக்குற்றம் அன்று.

7. இழப்பின் ஒளியில்

இதுகாறும் கூறியவற்றால் பூகெரோவின் தமக்கையர் வெறும் விற்பனைப் பொருள்கள் என்று முடிவுகட்டின் அதுவும் பிழையாகும். அவர்தம் குடும்ப வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. அவருக்கு மக்கள் ஐவர்: ஹென்றியெத் (1857), ழோர்ழ் (1859), ழான் (1861), போல் (1868), மோரீஸ் (1876). இவருள் சிறுமி ழான் 1866இல் இறந்தாள். 1869ஆம் ஆண்டுப் படத்திலுள்ள தமக்கைக்கும் குழந்தைக்கும் மாதிரியாக அமர்ந்தோர் ஹென்றியெத்தும் போலும் என்று கருதப்படுகிறது. அங்ஙனமாயின் தங்கையை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, அவ்விழப்பிற்குப்பின் பிறந்த தம்பியை மடியில் ஏந்தியிருக்கிறாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமைக்கும், குழந்தையைப் பற்றியுள்ள கைகளின் கவனத்திற்கும் இச்செய்தி விளக்கம் ஆகுமா என்பதை உறுதியாகக் கூற இயலாது. எனினும் இதனை அறிந்தபின் அப்படத்தைப் பொருளற்ற இனிமை என்று தள்ளுதல் அரிது.

1875இல் ழோர்ழ் இறந்தான். அடுத்த ஆண்டு பூகெரோ, இறந்த மகனை அன்னை மேரி ஏந்தும் 'பியெத்தா' படத்தைத் தீட்டினார். 1877இல் மனைவி நெல்லியும், சில திங்களுள் குழந்தை மோரீசும் மறைந்தனர். 1888இல் அவர் தீட்டிய 'முதல் துயரம்' இன்று புவெனஸ் ஐரீஸ் நகரின் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. ஆதாமின் மடியில் ஆபெலின் உடல் கிடக்கின்றது. ஏவாள் முகம் புதைத்து அழுகிறாள். கொன்ற தமையன் காயீன் படத்தில் இல்லை. விவிலியக் கதையில் உலகின் முதற்சாவு உடன்பிறந்தானால் நேர்ந்தது. உடன்பிறப்பன்பை அத்தனை முறை தீட்டிய ஓவியர், உடன்பிறப்புப் பகையைத் தீட்ட நேர்ந்தவிடத்தும் பகைவனை விலக்கிப் பெற்றோரின் அழுகையையே தீட்டினார். மூன்று மக்களை இழந்திருந்த தந்தைக்கு அப்பகுதியே தன் பகுதியாகத் தோன்றிற்று எனல் மிகையாகாது. 1869இல் மடியில் உறங்கிய போல் 1900இல் இறந்தான். தந்தை 1905இல் மறைந்தபோது ஐவருள் எஞ்சியிருந்தவர் மூத்தவராகிய ஹென்றியெத் ஒருவரே.

8. மதிப்பீட்டின் வரலாறு

பூகெரோ இறந்தபின் அவர் புகழ் விரைந்து தேய்ந்தது. அவர் வாழ்நாளிலேயே தெகாவும் அவர் நண்பரும் அளவிறந்து மெருகேற்றிய படங்களைப் பூகெரோவின் பெயரால் எள்ளி நகையாடினர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவருடைய குழந்தைகள் ஆராய்ச்சியாளரின் நோக்கினின்று அகன்றனர். 1984–85இல் பாரிசு, மொன்றியல், ஹார்ட்பர்டு ஆகிய மூன்று நகரங்களில் நடந்த பெருங்காட்சியும், 1986இல் பாரிசில் திறக்கப்பட்ட ஓர்சே அரும்பொருளகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலையை முழுமையாகக் காணும் வழியைத் திறந்தன. எள்ளலும் போற்றலும் தணிந்தபின் ஆராய்ச்சிக்கு இடம் உண்டாயிற்று.

9. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் போந்த முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, பிரெஞ்சு அகாதெமி ஓவியத்தில் உடன்பிறப்பன்பு ஒரே வகையினதன்று. தெலரோஷிடம் அது அச்சத்தில் விளங்குவது; சசெரியோவிடம் வளர்ந்தோரின் பற்று; பூகெரோவிடம் தாய்மையின் பதிலி; பெலெஸிடம் வறுமையின் நெருக்கம். இரண்டாவது, மேரியன்னையின் அமைப்பைத் தமக்கைக்கு அளித்தமையால் நாட்டுப்புறச் சிறுமி மாட்சியுற்றாள். அம்மாட்சியே அவள் உழைப்பை மறைக்கவும் செய்தது. மூன்றாவது, மறைத்தது என்பதனால் அவ்வன்பு பொய் என்று ஆகாது. சுமையும் அன்பும் ஒரு மடியிலேயே இருத்தல் கூடும்.

ஓவியத்தைச் சான்றாகக் கொள்வோர், அது காட்டுவதை அக்காலச் சட்டத்தோடும் வணிகத்தோடும் ஓவியன் வாழ்வோடும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றை மட்டும் கொள்ளின் 1869ஆம் ஆண்டுப் படத்தின் சிறுமி இன்பப் பதுமையாகவோ ஏய்ப்பின் கருவியாகவோ குறுகிவிடுவாள். மூன்றையும் ஒருங்கு கொள்ளின், தன் பருவத்திற்கு மிக்க பொறுப்பை ஏந்தி நம்மை நேர்நோக்கும் ஒரு குழந்தையாக அவள் விளங்குவாள். தொழிற்சட்டங்களின் பார்வையில் படாத அவ்வுழைப்பை, ஓவியம் பெயர் சொல்லாமலேனும் காத்துவைத்துள்ளது.